எடைகுறைப்பு அறுவைக்குப் பின்: அச்சமும் தேக்கமும்

உடம்பு பூசினாற்போல் இருப்பது வாழ்வின் செழிப்பைக் காட்டும் என்று நம்மவர் கருதிய காலம் ஒன்று இருந்தது. ஊரிலிருந்து வந்தவரைப் பார்த்து, "சற்றே சதைப்பற்றாக இருக்கிறீர்கள்" என்று சொன்னால் அது வாழ்த்தாகவே கொள்ளப்பட்டது. வயிறார உண்ண வழியற்றிருந்த மக்களிடையே அவ்வெண்ணம் தோன்றியதில் வியப்பில்லை. இன்று நிலை வேறு. மிகுந்த எடை நீரிழிவுக்கும் இதயநோய்க்கும் மூட்டுத் தேய்வுக்கும் வாயிலாக இருப்பதை அறிந்து, அதைக் குறைக்க அறுவை மருத்துவத்தையே நாடுவோர் பெருகி வருகின்றனர்.

அறுவை முடிந்ததும் துன்பம் முடிந்தது என்று எண்ணி வருவோரை இரண்டு எதிர்பாராத விருந்தினர் எதிர்கொள்கின்றனர். ஒன்று அச்சம், மற்றொன்று தேக்கம். "கத்தி வைத்தும் எடை இறங்கவில்லையே, நான் எதில் தவறினேன்?" என்று மூன்றாம் வாரத்திலேயே கலங்குவோர் உண்டு. இக்கலக்கத்தின் பெரும்பகுதி அறியாமையால் வருவது. தேக்கம் ஏன் வருகிறது என்று அறிந்தவர் அதனைப் பொறுத்துக்கொள்வார். எதற்கு அஞ்ச வேண்டும், எதற்கு அஞ்ச வேண்டா என்று அறிந்தவர் அச்சத்தையே காவலாளாக்கிக் கொள்வார். ஆதலின் இவ்விரண்டையும் இங்கே சற்று விரிவாகக் காண்போம்.

பேராக்கில் பருமன் வந்த வழி

1877ஆம் ஆண்டு நம் வரலாற்றில் கருதத்தக்கது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும் பஞ்சத்தின் நடு ஆண்டு அது. அதே ஆண்டில்தான் பேராக் மாநிலத்துக் கோலகங்சாரில், ஆங்கில ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோவின் தோட்டத்தில் ரப்பர்க் கன்றுகள் நடப்பட்டன. பின்னாளில் அம்மரம் காடு காடாகப் பரவியபோது, பஞ்சத்தை அறிந்த மண்ணிலிருந்து தமிழர் இங்கு வந்து அதன் பாலை இறக்கினர்.

பால்மரம் வெட்டியவரின் நாள் எப்படி இருந்தது? விடியுமுன் பெரட்டுக்கு நின்று, நிரைக்கு நடந்து, நூற்றுக்கணக்கான மரங்களைச் சுற்றி வந்து, மங்கு துடைத்து, பால் வாளியைச் சுமந்து கொட்டகைக்குச் சேர்க்க வேண்டும். அவர் உண்ட ஒரு தட்டுச் சோறு அந்த உழைப்பிலேயே எரிந்து போயிற்று. பின்னர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. ரப்பர் இருந்த இடத்தில் செம்பனை வந்தது. பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. லயத்தை விட்டவர் ஈப்போ, புந்தோங், மெங்லெம்பு, சுங்கை சிப்புட் முதலிய ஊர்களில் குடியேறினர். தொழிற்சாலையில் நின்ற இடத்து வேலையும், அலுவலகத்தில் உட்கார்ந்த இடத்து வேலையும், போக்குவரத்துக்கு மோட்டார் சைக்கிளும் வந்தன. நடை குறைந்தது, தட்டுச் சோறு குறையவில்லை. அதனோடு கெட்டிப்பால் கலந்த தேநீரும் ரொட்டி சானாயும் சேர்ந்தன.

இதன் விளைவை மலேசியச் சுகாதார அமைச்சின் தேசிய ஆய்வு எண்களால் காட்டுகிறது. 2019ஆம் ஆண்டு ஆய்வின்படி, நாட்டின் வயது வந்தோரில் நூற்றுக்கு 50 பேர் மிகை எடையோ பருமனோ உடையவர். இந்தியரிடையே அது நூற்றுக்கு ஏறத்தாழ 64. நீரிழிவு நாட்டு மக்களில் நூற்றுக்கு 18 பேருக்கு இருந்தது. இந்தியரில் நூற்றுக்கு 31 பேருக்கு இருந்தது. 2023ஆம் ஆண்டு ஆய்வில் மிகை எடையும் பருமனும் சேர்ந்து நாடு முழுமைக்கும் நூற்றுக்கு 54 ஆக உயர்ந்துவிட்டன. எனவே, பருமனைச் சோம்பலின் கூலி என்று இகழ்வது பேதைமை. தொழிலும் ஊரும் உணவும் மாறிய வேகத்துக்கு உடம்பு மாறவில்லை என்பதே உண்மை.

இன்னும் ஒன்று. தெற்காசியருக்கு எடை சற்றுக் கூடினாலும் கொழுப்பு வயிற்றைச் சுற்றித் தங்குகிறது. நோயும் முந்தி வருகிறது. கிலோவில் கண்ட எடையை, மீட்டரில் கண்ட உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது உடல் நிறை எண். அந்த எண் 23ஐத் தாண்டினாலே ஆசியர் விழித்துக்கொள்ள வேண்டும் என்றும், 27.5ஐத் தாண்டினால் இடர் மிகுதி என்றும் உலகச் சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு 2004இல் எடுத்துரைத்தது. இத்துறை அறுவை மருத்துவரின் பன்னாட்டுச் சங்கங்கள் 2022இல் வெளியிட்ட நெறிமுறையும், ஆசியருக்கு 27.5 முதலே அறுவையைக் கருதலாம் என்கிறது.

அறுவை செய்வது என்ன?

இம்மருத்துவத் துறைக்கு மேலைநாட்டார் இட்ட பெயர் 'பேரியாட்ரிக்' என்பது. கனத்தைக் குறிக்கும் 'பேரோஸ்', மருத்துவரைக் குறிக்கும் 'இயாட்ரோஸ்' ஆகிய இரு கிரேக்கச் சொற்களின் கூட்டு அது. 'பேரோஸ்' நம் வழக்கிலுள்ள 'பாரம்' என்பதோடு ஒலியாலும் பொருளாலும் ஒத்திருப்பது தற்செயலே. மொழிநூலார் அதனை வடமொழிக் 'குரு' என்னும் சொல்லோடுதான் உறவுபடுத்துவர். 'குரு' என்பதற்கும் கனமானது என்பதே முதற்பொருள்.

1954இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் கிரெமன் என்பாரும் உடன் பணியாற்றியோரும் சிறுகுடலின் பெரும்பகுதியை விலக்கி இணைக்கும் முறையை அறிவித்தனர். 1960களின் நடுவில் அயோவாவில் மேசன், இட்டோ என்னும் இருவர் இரைப்பையைச் சிறிதாக்கிக் குடலோடு இணைக்கும் மாற்றுவழி அறுவையைத் தொடங்கினர். இன்று உலகில் மிகுதியாகச் செய்யப்படுவது 'ஸ்லீவ்' அறுவை. ஸ்லீவ் என்பது சட்டைக்கை. பை போன்ற இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் நீக்கிவிட்டு, எஞ்சியதைச் சட்டைக்கை போன்ற குழாயாக விடுவதால் அப்பெயர் வந்தது.

இரைப்பை சிறுத்ததால் உணவு குறைகிறது என்பது பாதி உண்மையே. மறுபாதி சுரப்பிகளின் செய்தி. பசியைத் தூண்டும் 'கிரெலின்' என்னும் சுரப்புநீரை 1999இல் ஜப்பானிய அறிஞர் கண்டறிந்தனர். அது பெரிதும் சுரக்கும் மேற்பகுதியே ஸ்லீவ் அறுவையில் நீக்கப்படுகிறது. உணவு விரைவாகக் குடலை எட்டுவதால், நிறைவைத் தெரிவிக்கும் வேறு சுரப்புநீர்கள் மிகுகின்றன. எடை இறங்குவதற்கு முன்னரே பலருக்கு இரத்தச் சர்க்கரை குறைந்துவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம். எனவே, தராசு அசையாத நாளிலும் உடம்பினுள்ளே வேலை நடந்துகொண்டிருக்கிறது.

எடை ஏன் நின்று நின்று இறங்குகிறது?

அறுவைக்குப் பின் முதல் இரு வாரங்களில் தராசு விரைந்து இறங்கும். அது முழுவதும் கொழுப்பன்று. ஈரலிலும் தசைகளிலும் கிளைக்கோஜன் என்னும் மாவுப்பொருள் ஏறத்தாழ அரைக் கிலோ சேமிக்கப்பட்டுள்ளது. ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ மூன்று கிராம் நீரைப் பிடித்துக்கொண்டிருக்கும். உணவு குறைந்தவுடன் உடம்பு முதலில் இதனைச் செலவிடுகிறது. நீரும் உடன் வெளியேறுகிறது. இவ்வகையிலேயே இரண்டு கிலோ வரை போய்விடும். பின்னர் நீர்ம உணவிலிருந்து மசித்த உணவுக்கு மாறும்போது அச்சேமிப்பின் ஒரு பகுதி மீண்டும் நிரம்புகிறது; நீரும் திரும்புகிறது. உள்ளே கொழுப்பு கரைந்தாலும், வந்த நீரும் போன கொழுப்பும் சரிக்குச் சரியாகி முள் நின்றுவிடுகிறது. மூன்றாம் வாரத் தேக்கம் பலருக்கும் வருவது இதனால்தான்.

அதன் பின் வரும் தேக்கங்களுக்குக் காரணம் வேறு. உடம்புக்கு அறுவை என்பது தெரியாது. அதற்குத் தெரிந்தது பஞ்சம் ஒன்றே. கொழுப்பு குறையும்போது, 1994இல் கண்டறியப்பட்ட 'லெப்டின்' என்னும் சுரப்புநீரும் குறைகிறது. இருப்பு கரைகிறது என்ற செய்தி மூளைக்கு எட்டுகிறது. உடனே மூளை செலவைச் சுருக்குகிறது. இரண்டாம் உலகப் போரின் இறுதியில், 1944-45இல், மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்பார் தாமே முன்வந்த 36 இளைஞருக்கு ஆறு மாதம் அரைவயிற்று உணவளித்து ஆராய்ந்தார். அவர்களுடைய நாடித்துடிப்புத் தணிந்தது, உடம்பு குளிர்ந்தது, நடையும் பேச்சும் தளர்ந்தன. சுருங்கிய உடம்பு சுருங்கிய செலவில் வாழக் கற்றுக்கொண்டது. அறுவைக்குப் பின் சிலருக்கு எப்பொழுதும் குளிர்வதுபோல் தோன்றுவதும் இச்சிக்கனத்தின் அடையாளமே. எடை குறைந்த உடம்பைச் சுமந்து நடக்க ஆற்றலும் குறைவாகவே வேண்டும். வரவும் செலவும் சமமாகும் இடத்தில் எடை நிற்கிறது. சிறிது காலம் கழித்து மீண்டும் இறங்குகிறது.

தோட்டத்தில் வாழ்ந்தவருக்கு இதனை விளக்கத் தோட்டத்திலேயே உவமை உண்டு. ஆண்டின் தொடக்க மாதங்களில் ரப்பர் மரம் இலையைக் கொட்டிவிட்டுப் புதுத்தளிர் விடும். அந்நாளில் பால் குறையும். மரம் பட்டுப்போயிற்று என்று எந்தப் பால்வெட்டுத் தொழிலாளியும் அதை வெட்டிச் சாய்த்ததில்லை. மரம் தன் சத்தைத் தளிருக்குச் செலவிடுகிறது என்பதும், இலை முற்றியதும் பால் வரும் என்பதும் அவர் அறிந்தவை. எடைத் தேக்கமும் அத்தகையதே.

எவ்வளவு குறையும் என்ற கணக்கையும் அறிந்திருத்தல் நன்று. அமெரிக்காவின் பல மருத்துவமனைகளின் பதிவுகளைத் தொகுத்து 2018இல் வெளியான ஆய்வு ஒன்றில், ஸ்லீவ் அறுவை செய்தோர் ஓராண்டில் சராசரியாகத் தம் எடையில் நூற்றுக்கு 25 பங்கும், மாற்றுவழி அறுவை செய்தோர் 31 பங்கும் இழந்திருந்தனர். ஐந்தாம் ஆண்டில் அவை முறையே 19, 25.5 பங்குகளாயின. சிறிது எடை திரும்புவது பெரும்பாலோர்க்கு இயல்பு என்பது இதனால் விளங்கும். 120 கிலோ இருந்த ஒருவர் ஸ்லீவ் அறுவைக்குப் பின் ஓராண்டில் 90 கிலோவை எட்டினால் அது சராசரியான பயன். அவர் 60 கிலோவை எதிர்பார்த்திருந்தால், வெற்றியையே தோல்வியாகக் கொண்டு வருந்துவார். துன்பம் தராசில் இல்லை, அளவுகோலில் இருக்கிறது.

எடை குறைந்ததன் பயனும் தராசோடு நிற்பதில்லை. ஸ்வீடனில் 1987இல் தொடங்கி, 4,047 பேரைப் பல்லாண்டு தொடர்ந்து கண்ட ஆய்வின் முடிவு 2007இல் வெளிவந்தது. அறுவை செய்துகொண்டோரும் ஓரிரு ஆண்டில் தாம் எட்டிய மிகக் குறைந்த எடையிலிருந்து பின்னர்ச் சற்றே கூடினர். ஆயினும் செய்துகொள்ளாதோரைவிட அவர்களிடையே இறப்புக் குறைவாகவே இருந்தது. எனவே, கிலோவை மட்டும் எண்ணுதல் கூடாது. இடுப்புச் சுற்றளவு, இரத்தச் சர்க்கரை, இரத்த அழுத்தம், மாத்திரைகளின் எண்ணிக்கை, மாடிப்படி ஏறுகையில் வாங்கும் மூச்சு ஆகியவற்றையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வரவேண்டும். தராசில் ஏறுவது வாரம் ஒருமுறை, ஒரே கிழமையில், ஒரே வேளையில் போதும். நாள்தோறும் ஏறி இறங்குவோர் உடம்பிலுள்ள நீரின் அலைவைக் கண்டு அலைவரேயன்றி வேறு பயன் பெறார். மாதவிலக்கையொட்டிப் பெண்களுக்கு ஒன்றிரண்டு கிலோ கூடிக் குறைவதும் நீராலேயே.

எல்லாத் தேக்கமும் இயற்கை என்று வாளாவிருப்பதும் தவறு. ஒரு மாதத்துக்கு மேல் அசைவே இல்லாவிடின் உண்பதை எழுதிப் பார்த்து, உணவியலாளரைக் காண வேண்டும். சிறுத்த இரைப்பையில் மீன்துண்டு தங்கி நிறைவு தரும்; முறுக்கும் பிஸ்கட்டும் நொறுங்கி வழுக்கிக்கொண்டு போய்விடும். புந்தோங்கின் புகழ்பெற்ற கச்சான் பூத்தேயைக் கொறித்துக்கொண்டே இருந்தால், வயிறு நிரம்பாமலே கணக்கு நிரம்பிவிடும். இனிப்புப் பானமும் அவ்வாறே. இன்சுலின், ஸ்டீராய்டு, சில மனநோய் மருந்துகள், தைராய்டுக் குறைவு ஆகியனவும் எடையைத் தடுக்கலாம். அவற்றை ஆராய்ந்து மாற்றுவது மருத்துவர் பணி. எடை பெரிதும் திரும்பியவர்க்கு இன்று ஊசிமருந்துகளும் மறு அறுவையும் உண்டு. நாணி மறைவதைவிட நேரே சென்று கேட்பதே நன்று.

அஞ்ச வேண்டாதவை

முதலாவது, "இரைப்பை மீண்டும் விரிந்துவிடுமோ?" என்னும் அச்சம். ஒருவேளை சற்று மிகுதியாக உண்டதால் அது பழைய பையாகிவிடாது. காலப்போக்கில் ஓரளவு தளர்வது உண்டு. அதனால்தான் முதல் ஆண்டிலேயே உணவுப் பழக்கத்தை அமைத்துக்கொள்ளச் சொல்கின்றனர்.

இரண்டாவது, முடி கொட்டுதல். ஏறத்தாழ மூன்றாம் மாதத்தில் தொடங்கி, வாரும்போதெல்லாம் கொத்தாக வரும். நீண்ட கூந்தலைப் பேணும் நம் பெண்களுக்கு இது பேரிடி போலத் தோன்றும். உடம்பு அதிர்ச்சியுற்றபோது முடிவேர்கள் ஒருங்கே ஓய்வெடுப்பதால் இது நிகழ்கிறது. பெரும்பாலோர்க்குச் சில மாதங்களில் மீண்டும் முளைக்கும். புரதமும் இரும்பும் துத்தநாகமும் குறையாமல் பார்த்துக்கொண்டால் போதும். ஆண்டு கடந்தும் நிற்காவிடின் இரத்தம் சோதிக்க வேண்டும்.

மூன்றாவது, "ஏன் செய்துகொண்டோம்?" என்று முதல் வாரங்களில் எழும் மனக்கசப்பு. களைப்பும் நீர்ம உணவும் உறக்கக் குறைவும் கூடியபோது இது தோன்றுவது இயல்பு. உடம்பு தேறத் தேறப் பெரும்பாலும் தணியும்.

நான்காவது, இறப்பச்சம். அமெரிக்காவில் 4,776 பேரை ஆராய்ந்து 2009இல் வெளியான அறிக்கையில், முப்பது நாளுக்குள் இறந்தோர் ஆயிரத்துக்கு மூவர். அந்த மூவரும் எண்ணத்தக்கவரே. ஆயினும் ஒவ்வோர் இரவும் உறக்கம் கெட அஞ்சுவதற்கு இது காரணமாகாது.

அஞ்ச வேண்டியவை

அஞ்சத் தக்கனவும் உண்டு. அவற்றைக் கண்டால் நாள் கடத்துதல் ஆகாது. முதல் வாரங்களில் காய்ச்சல், படபடவென்னும் இடையறாத நாடித்துடிப்பு, மூச்சுத் திணறல், கடும் வயிற்றுவலி, இடத்தோளில் வலி, கால் வீக்கம், கருநிற மலம் ஆகியவற்றுள் எது வந்தாலும் உடனே மருத்துவமனைக்கு விரைய வேண்டும். தையலிடத்துக் கசிவும் இரத்தக் கட்டியும் இவ்வடையாளங்களோடுதான் வரும். கோலாலம்பூரில் அறுவை செய்துகொண்டு சுங்கை சிப்புட்டிலோ பாகான் டத்தோவிலோ வாழ்பவர், நள்ளிரவில் எங்குச் செல்வது என்பதை முன்னரே அறிந்து எழுதி வைத்தல் வேண்டும். அறுவைக் குறிப்பின் படி ஒன்றும் கையிலிருத்தல் நன்று. எந்த மருத்துவரும் அதைக் கண்டு விரைந்து செயற்பட இயலும்.

ஓயாத வாந்தி மற்றோர் அபாயம். இதை விளக்க நம் நாட்டு வரலாறே துணைசெய்யும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவில் பெரிபெரி என்னும் நோய் ஈய லம்பங்களிலும் சிறைகளிலும் மக்களை மடித்தது. கால் வீங்கும், நரம்பு தளரும், இதயம் நின்றுவிடும். தமிழ்த் தொழிலாளரிடையே மட்டும் அந்நோய் அரிதாக இருப்பதை நெகிரி செம்பிலானில் பணியாற்றிய பிராடன் என்னும் மருத்துவர் கண்டார். வேற்றுமை சோற்றில் இருந்தது. நோயுற்றோர் உண்டது தீட்டிய பச்சரிசி. தமிழர் உண்டது புழுங்கலரிசி. கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் ஃபிளெட்சர் 1905-06இல் ஒரு பகுதியினர்க்குப் பச்சரிசியும் மற்றொரு பகுதியினர்க்குப் புழுங்கலரிசியும் அளித்து இதைச் சோதித்தார். பச்சரிசி உண்டோரிடையேதான் பெரிபெரி பரவியது. ஃபிரேசரும் ஸ்டாண்டனும் 1909இல் வெளியிட்ட ஆய்வும் இதனையே உறுதிப்படுத்தியது. நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள சத்து அரிசியின் உள்ளே இறங்குகிறது. அச்சத்தே பின்னர்த் தயமின், அதாவது வைட்டமின் 'பி1' எனப்பட்டது. 1926இல் பத்தாவியாவில் அதனைப் பிரித்தெடுத்தனர்.

அந்தத் தயமின் உடம்பில் ஏறத்தாழ 30 மில்லிகிராம் அளவே தங்கும். வரவு நின்றால் இரண்டு மூன்று வாரத்தில் தீர்ந்துவிடும். அறுவைக்குப் பின் நாள்தோறும் வாந்தியெடுப்பவர், நூறாண்டுக்கு முற்பட்ட அந்தப் பழைய நோயைப் புதிய வழியில் வரவழைக்கிறார். கண் இரட்டையாகத் தெரிதல், நடை தள்ளாடுதல், மனம் குழம்புதல் ஆகியன மூளை தாக்கப்பட்டதன் அடையாளம். அப்போது குளுக்கோஸ் ஏற்றுமுன் தயமின் ஏற்ற வேண்டும் என்பது மருத்துவர் அறிந்த விதி. "அறுவை செய்தவர், சில நாளாக வாந்தி" என்று தெளிவாகச் சொல்வது வீட்டார் கடமை. புழுங்கல் காத்த நம்மவர்க்கு இப்போது மாத்திரையே காவல். பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் 'டி' ஆகியவற்றையும் வாழ்நாள் முழுதும் விடாது உட்கொண்டு, குறித்த காலத்தில் இரத்தம் சோதிக்க வேண்டும். மரக்கறி உணவினர்க்குப் பி12 குறைவு எளிதில் வரும். உணவோடு தேநீர் அருந்தினால் இரும்புச்சத்து உடம்பில் சேர்வது தடைப்படும். இடையே ஓரிரு மணி நேரம் விடுதல் வேண்டும்.

மதுவும் அஞ்சத் தக்கது. அறுவைக்குப் பின் அது விரைந்து இரத்தத்தில் கலந்து, குறைந்த அளவிலேயே மயக்கும். உணவில் கிடைத்த ஆறுதல் போனபின் சிலர் அதனை மதுவில் தேடுகின்றனர். கள்ளும் சம்சுவும் தோட்டக் குடும்பங்களுக்குச் செய்த கேட்டை அறிந்தவர்க்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. புருஃபென் போன்ற வலிமாத்திரைகளைத் தாமே வாங்கி விழுங்கினால் இரைப்பைப் புண் வரலாம். உணவு குறைந்தபின் பழைய அளவிலேயே இன்சுலின் போட்டால் சர்க்கரை மிகத் தாழ்ந்து உயிருக்கே ஊறாகும். பெண்கள் ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை கருத்தரிப்பைத் தள்ளிவைக்க வேண்டும். எடை குறைந்ததும் கருவுறும் வாய்ப்புக் கூடுவதால் இதனை முன்னரே அறிந்திருத்தல் வேண்டும். கல்லுமலைத் தைப்பூசத்துக்கு நோன்பிருப்போர், முதல் ஆண்டில் மருத்துவரைக் கேளாமல் நீரும் உணவுமின்றி நெடுநேரம் இருத்தல் கூடாது.

சுற்றமும் மருந்தே

திருக்குறளின் 95ஆம் அதிகாரம் 'மருந்து'. அதன் இறுதிக் குறளில் வள்ளுவர் மருத்துவத்துக்கு நான்கு கூறுகள் வகுத்தார்: நோயுற்றவர், மருத்துவர், மருந்து, உடனிருந்து பேணுபவர். நான்காமவரை நாம் மறந்துவிடுகிறோம். அறுவை செய்தவரின் வெற்றி அவரால் வருவது பாதியெனில், அடுப்படியிலும் பந்தியிலும் வருவது மறுபாதி.

நம்மவர் விருந்தோம்பலில் 'போதும்' என்ற சொல்லுக்கு மதிப்பில்லை. "இன்னும் ஒரு கரண்டி" என்று இடுவதே அன்பென்று கொண்டோம். சிறுத்த இரைப்பைக்கு அந்த ஒரு கரண்டி வாந்தியாக முடியும். "இவ்வளவுதானா குறைந்தது?" என்று கேட்பதும், "முகம் வாடிவிட்டதே, பழையபடி இருந்தால் நன்றாயிருக்கும்" என்று சொல்வதும் கத்தியைவிட ஆழமாக வெட்டும். சிலர் அறுவையைக் குறுக்குவழி என்று இகழ்கின்றனர். இரைப்பையின் பெரும்பகுதியைக் கொடுத்து, வாழ்நாள் முழுதும் அளந்துண்ண ஒப்புக்கொண்டவரை எளிய வழி சென்றார் என்பது அறமாகுமா?

மனத்துயரையும் சிறிதென்று எண்ணலாகாது. கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் அறுவை செய்துகொண்டோரை ஆராய்ந்து 2016இல் வெளியான கட்டுரை, தம்மைத் தாமே வருத்திக்கொண்டு அவசரப் பிரிவுக்கு வந்த நிகழ்ச்சிகள் அறுவைக்குப் பின் கூடியதைக் காட்டியது. வாரக்கணக்கில் உறக்கமின்றி, எதிலும் பற்றின்றி, வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் தோன்றினால் அதுவும் காய்ச்சலைப் போன்ற நோய்க்குறியே. மருத்துவரிடம் அதனையும் சொல்ல வேண்டும். துயருற்றோர் சொல்வதைச் செவிமடுக்கும் பிஃப்ரண்டர்ஸ் அமைப்பு ஈப்போவிலும் உண்டு.

இவ்விடத்தில் தமிழாசிரியர்க்குச் சிறப்பான பணி ஒன்றுண்டு. பள்ளியில் பருத்த பிள்ளைக்குப் பட்டப்பெயர் வைக்கும் வழக்கத்தை முளையிலேயே கிள்ளுதல் அவர் கையில் இருக்கிறது. இன்றைய ஏளனமே நாளைய அச்சத்தின் விதை. மருத்துவமனைத் தாள்கள் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்க, தமிழ் மட்டுமே படிக்கவல்ல மூத்த தாய்மார் தம் மக்கட்குச் சமைக்கும் வீடுகள் பல. அத்தாள்களில் உள்ளதை நல்ல தமிழில் எழுதித் தருவதும் தமிழ்த்தொண்டேயாம்.

அன்றாட நெறி

செய்ய வேண்டியவை சிலவே. நாள்தோறும் செய்ய வேண்டியிருப்பதுதான் அருமை. ஒவ்வொரு வேளையும் புரதத்தை முதலில் உண்க. நாளொன்றுக்கு 60 கிராமுக்குக் குறையாமல் வேண்டும். ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் உண்டு. கெம்போங் மீன், கோழி, தௌஃபூ, தெம்பே, பருப்பு, தயிர் எல்லாம் ஈப்போச் சந்தையிலேயே கிடைப்பவை. சோறு கடைசியில் சில வாய் போதும். மென்று மெதுவாக உண்க. நிறைவு தோன்றியதும் நிறுத்துக. உணவோடு நீர் அருந்தாமல் அரைமணி இடைவிட்டு, நாள் முழுதும் சிறிது சிறிதாக ஒன்றரை லிட்டர் அளவு அருந்துக.

மருத்துவர் இசைந்ததும் நடக்கத் தொடங்குக. நடை எடையைக் குறைப்பதோடு, தசை கரைந்துபோகாமலும் காக்கும். முன்னோர் நிரைநிரையாக நடந்த நடையை நாம் டி. ஆர். சீனிவாசகம் பூங்காவிலேனும் மீட்டுக்கொள்ளலாம். நாற்காலியிலிருந்து கையூன்றாமல் பத்துமுறை எழுந்தமர்வதும் நல்ல பயிற்சியே. எடை நின்ற வாரத்திலும் இவற்றை நிறுத்தாமை வேண்டும். அந்த வாரத்தில்தான் பெரும்பாலோர் கைவிடுகின்றனர். குறித்த நாளில் மருத்துவரைக் காணப் போவதும் அவ்வாறே. எடை குறையாத வெட்கத்தால் போகாமல் நின்றுவிடுவோரே, போக வேண்டிய தேவை மிக்கவர்.

பஞ்சத்தில் உயிர்காத்த உடம்பு, நிறைவான காலத்திலும் அதே காவலைச் செய்கிறது. அதனோடு பகை கொள்வதில் பயனில்லை. அறுவை ஒரு நாளில் முடிந்தது. அதற்கேற்ப உடம்பும் பழக்கமும் மாற ஆண்டுகள் ஆகும். பொறுமையோடும் விழிப்போடும் அந்த ஆண்டுகளைக் கடப்பவர்க்கு நலம் உறுதியாகக் கைகூடும்.